ஒருபொருட் பல்சொல், ஒருசொல் பல்பொருள்: திறந்த மூல மென்பொருள் ஆவணங்களில் சொற்சீர்மை

லினக்ஸ் கணினியில் கையேட்டுப் பக்கங்களைப் புரட்டுகிறவர், தமக்குத் தெரியாமலே இரு வேறு நடைவிதிகளின் ஆட்சிக்குள் மாறி மாறிப் போய்வருகிறார். க்னூ திட்டத்தின் நிரலாக்க நெறிமுறை ‘பாத்நேம்’ என்ற சொல்லே வேண்டாம் என்கிறது. ‘ஃபைல் நேம்’ என்று இரு சொல்லாகப் பிரித்தெழுதச் சொல்கிறது. ‘பாத்’ என்பதைத் தேடல் பாதைகளுக்கு மட்டும் ஒதுக்குகிறது. லினக்ஸின் மேன்-பேஜஸ் திட்டமோ ‘ஃபைல்நேம்’ என்று சேர்த்தெழுதும்படி தன் சொற்பட்டியலில் குறித்திருக்கிறது. ‘பாத்நேம்’ அங்கே விலக்கப்பட்ட சொல் அல்ல, பரிந்துரைக்கப்பட்ட சொல். இரண்டுமே நெடுநாள் அனுபவத்தில் விளைந்த, கவனமாக எழுதப்பட்ட விதிகள். ஆனால் இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வழியில்லை.

இது வெறும் எழுத்துக்கூட்டல் தகராறு அன்று. பாசிக்ஸ் தரநிலைப்படி ஃபைல்நேம் என்பது ஒரு கோப்பகத்துக்குள் இருக்கும் ஒற்றைப் பெயர். பாத்நேம் என்பது சாய்கோடுகளோடு கூடிய முழு வழி. லினக்ஸில் முன்னதன் உச்சவரம்பு 255 பைட். பின்னதற்கோ, இறுதியில் வரும் சுழிய பைட்டையும் சேர்த்து, 4096 பைட். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒரு செம்மையாக்கர் எல்லா இடத்திலும் ஃபைல்நேம் என்று மாற்றிவிட்டால், அந்தப் பக்கத்தை நம்பி நிரல் எழுதுகிறவர் முழு வழிக்கும் 256 பைட் போதும் என்று இடம் ஒதுக்கக்கூடும். படிப்பதற்கு அழகாக இருக்கும் ஒரு திருத்தம், வேறொருவரின் நிரலில் நினைவகப் பிழையாக வந்து நிற்கும்.

திறந்த மூல ஆவணங்களின் குறைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இன்மையையும் பழமையையும் சுற்றியே நடக்கிறது. கிட்ஹப் 2017இல் நடத்திய திறந்த மூலக் கருத்தாய்வில் 93 விழுக்காட்டினர், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களே பரவலான சிக்கல் என்றனர். ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்றோர் 60 விழுக்காட்டினர். இருக்கின்ற ஆவணம் தனக்குள்ளேயே முரண்படுவதற்கு இந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. கிடைக்கும்போதும் அது நிறுத்தக்குறி, பெரிய எழுத்து, அமெரிக்க எழுத்துக்கூட்டலா பிரித்தானிய எழுத்துக்கூட்டலா என்பவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டு, ஒப்பனை வேலையாகத் தாழ்ந்துவிடுகிறது. ஒப்பனை வேலை ஒன்று உண்டு. பொருள் வேலை வேறு. இரண்டையும் ஒரே விதியால் ஆள முற்படுவதே இன்றைய மதிப்பாய்வு முறையின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரித்தறிவதற்கு நம் நிகண்டு மரபின் பாகுபாடு கைகொடுக்கிறது: ஒரு பொருளுக்கு வழங்கும் பல சொற்கள், ஒரு சொல்லுக்கு வழங்கும் பல பொருள்கள். நிகண்டில் இவ்விரண்டும் மொழியின் செல்வம். தொழில்நுட்பக் கையேட்டில் நிலைமை தலைகீழ். வேறு சொல்லைக் கண்டால் வேறு பொருள் என்றே வாசகர் கொள்கிறார். அப்படிக் கொள்ளும்படி அவரைப் பழக்கியதே தொழில்நுட்ப உரைநடைதான். எழுத்தின் உருவம்கூடப் பொருள் சுமப்பதுண்டு. இணையத் தரநிலைகளில் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்ற சொற்களின் வலிமையை 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 வரையறுத்தது. முழுதும் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. அத்தகைய ஆவணத்தில் பெரிய எழுத்துகளைக் கண்ணுக்கு உறுத்துகிறது என்று சிறியதாக்குகிறவர் ஒரு கட்டாயத்தையே நீக்கிவிடுகிறார்.

இவ்விரு வகைச் சிக்கலும் ஒரே இடத்தில் பின்னிக்கிடப்பதைக் கிட் மென்பொருளில் காணலாம். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் வடிவத்தின் ரீட்மீ கோப்பு இரண்டு அடிப்படைகளைச் சொன்னது: ஒன்று பொருள் தரவுத்தளம், மற்றது நடப்புக் கோப்பகத்தின் ‘கேஷ்’. அடுத்த கமிட்டில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்று குறித்துவைக்கும் இடைநிலைப் பட்டியல்தான் அந்தக் கேஷ். அந்த ஆண்டிலேயே அதற்கு ‘இண்டெக்ஸ்’ என்று பெயர் மாறியது. பின்னர் ‘ஸ்டேஜிங் ஏரியா’ என்ற மூன்றாவது பெயர் பரவியது. புதிதாகக் கற்போருக்கு இன்று அதுவே முதலில் அறிமுகமாகிறது. பழைய பெயர் போய்விடவில்லை. ஏதேனும் ஒரு களஞ்சியத்தின் இண்டெக்ஸ் கோப்பைத் திறந்து அதன் முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்தால் டி, ஐ, ஆர், சி என்ற எழுத்துகள் இருக்கும். ‘டைர்கேஷ்’ என்பதன் சுருக்கம் அது. கிட்டின் சொற்களஞ்சியப் பக்கம், கேஷ் என்பது இண்டெக்ஸின் வழக்கொழிந்த பெயர் என்கிறது.

இதுவரை கண்டது ஒருபொருட் பல்சொல். சொற்களஞ்சியமே தீர்ப்பு வழங்கிவிட்டதால் செம்மையாக்கரின் வேலை எளிது என்று தோன்றும்: கேஷ் வருமிடமெல்லாம் இண்டெக்ஸ். ஆனால் கட்டளைகளின் ஆப்ஷன்களுக்கு வந்தால் தரை நழுவுகிறது. ‘கிட் டிஃப்’ கட்டளையில் ‘கேஷ்டு’, ‘ஸ்டேஜ்டு’ என்ற இரண்டு ஆப்ஷன்களும் ஒன்றே. ‘கிட் அப்ளை’ கட்டளையில் ‘கேஷ்டு’ என்றால் பேட்ச் இண்டெக்ஸில் மட்டும் ஏறும், வேலைக் கோப்பகத்தில் உள்ள கோப்புகள் தொடப்படுவதில்லை. ‘இண்டெக்ஸ்’ என்றால் இரண்டிலும் ஏறும். பெயர்ச்சொல்லாக இருக்கும்போது ஒருபொருள் குறித்த இவ்விரு சொற்களும், ஆப்ஷன் பெயராக நிற்கும்போது இருவேறு செயல்களைக் குறிக்கின்றன. ‘நோ-இண்டெக்ஸ்’ என்பது இதன் எதிர்மறையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவரும் ஏமாறுவார்: ‘கிட் டிஃப்’பில் அது, கிட்டின் கண்காணிப்பில் இல்லாத இரு கோப்புகளையும் நேரடியாக ஒப்பிடுவதற்கானது.

சரி, குழப்பமில்லாத ‘ஸ்டேஜ்’ என்பதையே எங்கும் நிலைநிறுத்தலாமே என்றால் அதற்கும் முன்பே வேறு வேலை இருக்கிறது. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளையின் ‘ஸ்டேஜ்’ ஆப்ஷன் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண்ணைக் காட்டும். இணைப்பில் மோதல் நேரும்போது பொது மூதாதை வடிவம் 1, நம் வடிவம் 2, எதிர்த்தரப்பு வடிவம் 3. மோதலில்லாத கோப்புக்கு 0. இங்கே ஸ்டேஜ் என்பது இடமல்ல, படி. ஒருபொருட் பல்சொல்லைத் தீர்க்கப் போனவர் ஒருசொல் பல்பொருளில் வந்து மாட்டிக்கொள்கிறார்.

ஆப்ஷன் பெயர்களை மாற்றுவது செம்மையாக்கர் கையில் இல்லை. அவை எண்ணற்ற ஸ்கிரிப்ட்களில் எழுதப்பட்டுவிட்டன. எச்டிடிபியில் ‘ரெஃபரர்’ என்னும் தலைப்பின் எழுத்துப்பிழை தரநிலையிலேயே நிலைத்துவிட்டதும் இதே காரணத்தால்தான். ஆவணத்தில் அதை ‘சரியாக’ எழுதினால் சொல்வது பொய்யாகிவிடும். ஆக, நிரலே சீரற்று இருக்கும்போது அதைப் பற்றிய உரைநடையைச் சீராக்குவது வாசகரிடமிருந்து உண்மையை மறைப்பதாகும். சுவடிகளிடையே பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர் அதை அடிக்குறிப்பில் காட்டுகிறாரே தவிர அழிப்பதில்லை. ஆவணச் செம்மையாக்கரும் இத்தகைய இடங்களில் வேறுபாட்டைப் பதிவுசெய்யவே கடமைப்பட்டவர். கிட் இதைச் செய்திருக்கிறது. கட்டளை வரி மரபுகளைப் பற்றிய அதன் பக்கத்தில், இண்டெக்ஸ் ஒருகாலத்தில் கேஷ் எனப்பட்டதால் ‘கேஷ்டு’, ‘இண்டெக்ஸ்’ என்ற இரு ஆப்ஷன்களும் ஒன்றே எனச் சிலர் தவறாக எண்ணுகிறார்கள், அவை ஒன்றல்ல என்று வெளிப்படையாகச் சொல்லும் பகுதி உண்டு. நான் படித்த தொழில்நுட்ப ஆவணங்களில் ஒரு வரலாற்று விபத்தை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டு வாசகருக்குக் கைகொடுக்கும் பகுதிகள் மிகச் சில. குறை ஒன்றே: அந்த விளக்கம் தேவைப்படுகிறவர் திறப்பது ‘அப்ளை’ பக்கத்தை; அது இருப்பதோ வேறு பக்கத்தில்.

இனி மதிப்பாய்வு விதிக்கு வருவோம். பேட்ச் அனுப்புவோருக்கான கிட்டின் வழிகாட்டி, தன் ஆவணங்களில் அமெரிக்க, பிரித்தானிய ஆங்கில வழக்குகள் கலந்துகிடப்பதை வருத்தத்தோடு ஏற்கிறது. ஆனால் அதைச் சரிசெய்வதற்காக மட்டும் எல்லாக் கோப்புகளையும் தொடும் பெரிய பேட்ச் வரவேற்கப்படாது என்கிறது. மற்றவர்களின் மாற்றங்களோடு அது மோதும். அருகில் வேறு உருப்படியான வேலை நடக்கும்போது அதன் துணைவிளைவாக, சிறிது சிறிதாக அமெரிக்க வழக்குக்கு நகர்வதையே அது விரும்புகிறது. அப்பட்டமான அச்சுப்பிழைத் திருத்தம் தனி பேட்சாக வந்தால் நல்லது என்கிறது.

எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை இது மிகச் சரியான முடிவு. ‘கலர்’ என்பதை எந்த நாட்டு முறைப்படி எழுதினாலும் வாசகர் இரண்டு பொருள் கொள்ளப்போவதில்லை. பாதி மாறி, பாதி மாறாமல் பத்தாண்டு கிடந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் சிறுகச் சிறுக என்ற இந்தப் பொறுமையைச் சொற்களுக்கும் நீட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு பக்கத்தின் முதல் பத்தியில் இண்டெக்ஸ், மூன்றாம் பத்தியில் ஸ்டேஜிங் ஏரியா என்று பாதியில் நிற்கும் பெயர்மாற்றம், பழைய பெயரே முழுதும் இருப்பதைவிட மோசமானது. பழைய பெயர் தெரியாதவர் தேடிக் கற்றுக்கொள்வார். பாதி மாறிய பக்கத்தைப் படிப்பவர் இல்லாத ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொண்டு போவார். ஆகவே சொல்மாற்றம் ஒரு பக்கத்தை, இயன்றால் ஒரு கட்டளைக் குடும்பத்தை, ஒரே வீச்சில் தழுவ வேண்டும். சொற்களஞ்சியப் பதிவு அதே பேட்சில் இருக்க வேண்டும். மோதல் வரும் என்பது உண்மையே. அந்த விலை கொடுக்கத் தகுந்தது.

இதற்கு வலுவான மறுப்பு மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து வரலாம், அவர்கள் தரப்பில் நியாயம் மிகுதி. கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கில மூலத் தொடரே மொழிபெயர்ப்பைக் கண்டெடுக்கும் சாவி. மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு ‘ஃபஸ்ஸி’ என்ற ஐயக்குறியைப் பெறும். அக்குறி நீங்கும்வரை இயல்பாக அது தொகுப்பில் சேராது, பயனர் ஆங்கிலத்தையே காண்பார். கையேட்டுப் பக்கங்களை மொழிபெயர்க்கப் பயன்படும் பிஓ4ஏ கருவி இன்னும் கண்டிப்பானது. மொழிபெயர்ப்பு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், மாற்றிச் சொல்லாதவரை, அந்தப் பக்கத்தையே உருவாக்காது. ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் செய்யும் நிறுத்தக்குறிச் சீரமைப்பு, பிற மொழிகளில் முழுப் பக்கங்களை மறையச் செய்துவிடும். ஜினோம், கேடிஇ போன்றவற்றைத் தமிழாக்கும் தன்னார்வலர்களுக்கு இந்த ஐயக்குறிக் குவியல் நன்கு பழக்கமானது. புதிதாக மொழிபெயர்க்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது.

ஆனால் இந்த மறுப்பையே உற்றுப்பார்த்தால் நான் சொல்லும் பாகுபாட்டுக்கு அது துணையாகிறது. பொருள் மாறாத திருத்தத்துக்கு ஐயக்குறி விழுவது அநியாயம். அந்த அநியாயத்தைத் தவிர்க்கவே பிஓ4ஏ தொகுப்பில் ‘எம்எஸ்ஜி-அன்டைப்போ’ என்ற சிறு கருவி இருக்கிறது. மூலத்தின் அச்சுப்பிழைத் திருத்தத்தை மொழிபெயர்ப்புக் கோப்புகளின் சாவியிலும் செய்து, ஐயக்குறி விழாமல் காக்கிறது. சொல்மாற்றத்துக்கு ஐயக்குறி விழுவதோ முறையானது: மொழிபெயர்ப்பாளர் அந்தத் தொடரை மீண்டும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஒரே பேட்சில் இரண்டையும் கலந்து அனுப்புகிறவர், எந்த ஐயம் மெய்யானது என்று கண்டுகொள்ளும் வழியை அடைத்துவிடுகிறார்.

மதிப்பாய்வாளர் கண்ணுக்கும் இதே பிரிப்பு தேவை. ஒரு சொல்லை மாற்றிவிட்டு பத்தி முழுவதையும் வரி மடித்து அமைத்தால், பேட்சில் எல்லா வரிகளும் மாறியதாகவே தெரியும். உண்மையில் மாறிய சொல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள் என்று பிரையன் கெர்னிகன் 1974இலேயே யூனிக்ஸ் பயனர்களுக்கு அறிவுரை சொன்னார். மேன்-பேஜஸ் திட்டம் அதை இன்றும் விதியாக வைத்திருக்கிறது. கிட்டின் ‘வேர்டு-டிஃப்’ ஆப்ஷன் சொல்லளவில் வேறுபாட்டைக் காட்டும். பெருந்திருத்தங்களால் ஒரு வரியின் வரலாறு மறைவதைத் தடுக்க, 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து ‘பிளேம்’ கட்டளைக்குக் குறிப்பிட்ட கமிட்களைப் பொருட்படுத்தாமல் கடக்கச் சொல்லலாம்.

தானியங்கிச் சரிபார்ப்பான்கள் பற்றிச் சுருக்கமாக. விலக்கிய சொற்பட்டியலைக் கொண்டு எச்சரிப்பது, பகுதிகளின் வரிசையைச் சோதிப்பது, இணைப்புகள் உடைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவற்றில் அவை மனிதரைவிட நம்பகமானவை. அவ்வேலைகளை அவற்றிடமே விட்டுவிட வேண்டும். ‘கேஷ்டு’ என்ற சொல் இந்த வரியில் பழம்பெயரா, ஆப்ஷனின் பெயரா, பொதுப்பொருளில் வந்த வினையா என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தற்காலிகக் களஞ்சியத்தில் அந்தக் கட்டளையை இரு ஆப்ஷன்களோடும் ஓட்டி, வேலைக் கோப்பகம் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே ஆவண பேட்ச் ஒவ்வொன்றும் தன் கமிட் செய்தியில் ஓர் உரிமைகோரலைச் சொல்லியாக வேண்டும் என்று முன்மொழிகிறேன்: ‘பொருள் மாறவில்லை’ அல்லது ‘பொருள் மாறுகிறது’. முதல் வகையை மொழியறிந்த ஒருவர் ஒப்புதல் தந்தாலே சேர்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புக் கோப்புகளின் சாவிகளும் அதனோடு திருத்தப்பட வேண்டும். இரண்டாம் வகைக்கு நிரலறிந்த பராமரிப்பாளரின் ஒப்புதலும், கட்டளையை ஓட்டிக் கண்ட வெளியீடும், சொற்களஞ்சியப் பதிவும் வேண்டும். அந்த ஒற்றை வரி இருந்தால், எந்த ஐயக்குறியை அப்படியே நீக்கலாம், எந்தத் தொடரை மறுபடி எழுத வேண்டும் என்பதைத் தமிழிலோ வேறு மொழியிலோ மொழிபெயர்ப்பவர் ஆங்கில மூலத்தின் இரு வடிவங்களையும் வரி வரியாக ஒப்பிடாமலே முடிவுசெய்துகொள்ளலாம்.