ஒரு மரத்துக்கு ஒரு தலை

ஜப்பானின் ட்சுமாகோ ஊருக்குள் வடக்கிலிருந்து நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது அரசாணைப் பலகை. சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே வரிசையாகத் தொங்கும் அந்தப் பலகைகளில், கிறிஸ்தவ மதத்துக்குத் தடை போன்ற நாடு தழுவிய ஆணைகளும் உண்டு. இந்தக் கிசோ பள்ளத்தாக்குக்கே உரிய ஆணையும் உண்டு. ஹினோகி உள்ளிட்ட ஐந்து வகை மரங்களை யாரும் வெட்டக் கூடாது என்றது அது. வெட்டினால், "ஒரு மரத்துக்கு ஒரு தலை" என்பார்கள் இங்கே. காடு ஓவாரி பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தது. காட்டின் நடுவே பிறந்தவனுக்கு அதில் உரிமை இருக்கவில்லை.

எடோ நகரையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலைவழியே இணைத்த நகாசெண்டோ சாலை சுமார் 530 கிலோமீட்டர். அதன் 69 தங்கல் ஊர்களில் ட்சுமாகோ 42-ஆவது. 1635 முதல் பிரபுக்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்கியாக வேண்டும் என்று ஷோகன் கட்டளையிட்டதால், அவர்களுடைய பரிவாரங்கள் ஓயாமல் போய்வந்தன. கிசோவின் ஒவ்வொரு தங்கல் ஊரும் 25 ஆட்களையும் 25 குதிரைகளையும் எந்நேரமும் தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. போதாவிட்டால் சுற்றுக் கிராமத்து உழவர்கள் ஏரை விட்டுவிட்டுச் சுமை தூக்க வரவேண்டியிருந்தது. 1861-இல் பேரரசரின் தங்கை கசுனோமியா, ஷோகன் இயெமோச்சியை மணக்க இவ்வழியே போனார். அந்த ஊர்வலத்தின் பகட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதைச் சுமந்த தோள்களைப் பற்றியும் பேச வேண்டும்.

பிரபுக்கள் தங்கிய மாளிகை 'ஹோன்ஜின்'. இப்போது நிற்பது 1995-இல் மீண்டும் எழுப்பியது. அதற்கு அடுத்த நிலை விடுதியான 'வாக்கிஹோன்ஜின்' அருகிலேயே இருக்கிறது. இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதையே பாருங்கள். மது வடிக்கும் தொழில் செய்த குடும்பம் இதை 1877-இல் முழுக்க ஹினோகி மரத்தால் புதிதாகக் கட்டியது. மரம் வெட்டுவதற்கான தடை நீங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தலைமுறைகளாகத் தொடக்கூடாத மரத்தில் தூணும் உத்தரமும் நிறுத்திய அந்தக் குடும்பத்தின் வேட்கையை இன்றும் கண்ணால் காணலாம். நடுக்கூடத்து அடுப்புக்குழியின் புகை ஏறி ஏறி மரம் கறுத்துப் பளபளக்கிறது.

அப்பால் தெரு சட்டென்று இரண்டு முறை செங்கோணமாகத் திரும்புகிறது. படையெடுத்து வருபவனின் வேகத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு.

1911-இல் சூவோ ரயில் பாதை முழுமையடைந்தபோது ட்சுமாகோ விலகி நின்றுவிட்டது. வருமானம் போனது, இளைஞர்கள் வெளியேறினார்கள். புது வீடு கட்ட ஊரில் பணமில்லை, அதனால் பழைய வீடுகள் தப்பின. 1968-இல் தொடங்கிய சீரமைப்பு அந்த வறுமையையே முதலாக்கியது. 1971-இல் ஊரார் கூடி மூன்று உறுதிகள் எடுத்தார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம்.

அரசு இவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது அதற்குப் பிறகு, 1976-இல்தான். என் பார்வையில், இந்தத் தெருவைக் காத்தது சட்டத்தைவிட அந்த மூன்று உறுதிகள். அவற்றில் கடினமானது இரண்டாவது. இடிக்காமல் இருப்பது எளிது. சுற்றுலாப் பயணிகள் குவியும் தெருவில், கைநிறைய வாடகை தரக் காத்திருக்கும் வெளியூர் வணிகருக்கு வாசலைத் திறக்காமல் இருப்பது அப்படியல்ல.