இரட்டைத் துவக்கம்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் முறை இரட்டைத் துவக்கம். புழக்கத்தில் இதை டூயல் பூட் என்பர். பெரும்பாலும் விண்டோஸ் உள்ள கணினியில் லினக்ஸைச் சேர்க்கவே இது பயன்படுகிறது. மெய்நிகர் கணினியைப் போலன்றி, ஓடும் தளத்துக்கே நினைவகமும் செயலியும் முழுமையாகக் கிடைக்கும்.

பழைய கணினிகளில் பயாஸ் என்னும் உள்நிரல், வன்தட்டின் முதல் 512 பைட்டைப் படித்து அதிலுள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். எம்பிஆர் எனப்படும் இப்பகுதி 1983இல் டாஸ் 2.0 உடன் வந்தது. அதில் துவக்க நிரலுக்கு 446 பைட், பிரிவுப் பட்டியலுக்கு 64 பைட். கடைசி 2 பைட் அடையாளக் குறி. பட்டியலில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்குத்தான் இடமுண்டு. துவக்க நிரலுக்கான இடமோ ஒன்றே ஒன்று. கடைசியாக நிறுவப்படும் தளம் அதைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் நிறுவி அங்கே தன் நிரலை எழுதும்போது லினக்ஸைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸின் துவக்க நிரலான கிரப் விண்டோஸையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசை வந்தது இதனால்தான்.

இன்டெல் தொடங்கி, 2005 முதல் தனி மன்றம் வளர்த்துவரும் யூஇஎஃப்ஐ, பயாஸுக்கு மாற்றாக வந்து இந்தப் போட்டியை நீக்கியது. வன்தட்டில் ஃபேட்32 வடிவிலான சிறு பிரிவு ஒன்று இருக்கும். ஒவ்வொரு தளமும் தன் துவக்கக் கோப்பை அங்கே தனிக் கோப்புறையில் வைக்கும். நிறுவும்போது அந்தப் பிரிவை ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் துவங்காது. இரு முறைகளையும் ஏற்கும் இடைக்காலக் கணினிகளில், விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில்தான் லினக்ஸை நிறுவும் பென்டிரைவையும் துவக்க வேண்டும்.

புதிய கணினிகளில் இடத்தைவிடப் பூட்டுகளே சிக்கல். 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட், கையொப்பமில்லாத துவக்க நிரலை ஓடவிடாது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்னும் சிறு நிரல் வழியாகத் துவங்குவதால் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. விண்டோஸின் விரைவுத் துவக்கத்தை மட்டும் அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாது, லினக்ஸிலிருந்து அதன் பிரிவில் எழுதுவது ஆபத்து. விண்டோஸின் வன்தட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கும் கணினியில் துவக்க அமைப்பு மாறினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அந்தச் சாவி கைவசம் இல்லாவிட்டால் கோப்புகள் போனவைதான். வேலையைத் தொடங்குமுன் அதைக் கணினிக்கு வெளியே எழுதிவைத்தே தீர வேண்டும்.

கடிகாரமும் குழப்பும். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகக் கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 10 மணி விண்டோஸில் 4.30 ஆகத் தெரியும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

நீக்குவதற்கும் ஒழுங்கு உண்டு. பழைய கணினியில் லினக்ஸ் பிரிவை மட்டும் அழித்தால், முதல் 512 பைட்டிலுள்ள கிரப் தன் மீதிக் கோப்புகளைக் காணாமல் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் நிறுவு வட்டின் மூலம் எம்பிஆரை மீண்டும் எழுதியபின் பிரிவை அழிப்பதே முறை. யூஇஎஃப்ஐ கணினியில் துவக்க வரிசையில் விண்டோஸை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும்.