ஓட்டுக்குள் இருக்கும் உயிரும் சட்டமும்



கோழிமுட்டை 21 நாள் அடைகாக்கப்பட்ட பின் குஞ்சாகிறது. அந்த 21 நாட்களுள் எந்த நாள்முதல் உள்ளே இருப்பதைத் துன்பம் உணரும் உயிராகக் கொள்வது? ஆராய்ச்சிக்கூடங்களும் கல்லூரிகளும் முட்டையைத் திறந்து கருவைக் கையாளுவதால், இது வெறும் தத்துவக் கேள்வி அன்று. சட்டங்கள் இதற்கு விடை தேடிய வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன்.

மூன்று நாள் சென்ற முட்டையில் இதயம் ஒரு குருதிப் புள்ளியாய்த் துடிப்பதை அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஹார்வியும் மால்பிகியும் அவ்வழியே சென்றனர். அவர்களை மேற்பார்வை செய்ய எச்சட்டமும் இல்லை. பிரிட்டனில் 1876-இல் வந்த சட்டம், முதுகெலும்புள்ள பிராணிகளைச் சோதிக்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சை அது தனியே குறிப்பிடவில்லை.

இதற்கிடையே முட்டையே ஓர் ஆராய்ச்சிக்கூடமாயிற்று. 1931-இல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சரும் உட்ரஃபும் கோழிக்கருவின் சவ்வில் அம்மைக் கிருமியை வளர்த்துக் காட்டினர். இன்றும் இன்ஃபுளுயென்சா தடுப்பூசிக்காக, பத்துப் பதினொரு நாள் வளர்ந்த முட்டையில் கிருமியைச் செலுத்தி, மேலும் இரண்டு மூன்று நாள் வைத்துக் குளிர்வித்து எடுக்கிறார்கள். அதனாற் பிழைத்த மனித உயிர்களை மறந்து பேசுவது நேர்மையாகாது.

நான் விலங்கியல் கற்பித்த நாட்களில் மூன்றாம் நாள் முட்டையில் சிறு சாளரம் வெட்டிக் காட்டுவேன். துடிக்கும் அப்புள்ளியைக் கண்டதும் வகுப்பு அடங்கிவிடும். ஒருவன் மட்டும், “ஐயா, அதற்கு நோகாதா?” என்றான். நோவை உணரத்தக்க மூளை அப்பொழுது உருவாகியிருப்பதில்லை என்று விளக்கினேன். அவனோ, “பதினைந்தாம் நாளில்?” என்று தொடர்ந்தான். நல்ல மாணவன்!

நம் நாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மனிதரல்லாத எந்த உயிரும் பிராணியே என்று அது பரந்த நோக்கில் வரையறுத்தது. முட்டைக்கு நாள் குறிக்கவில்லை. நாள் குறித்தது பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம். அடைகாக்கும் காலத்திற் பாதி கழிந்த பறவைக்கரு காக்கப்படும் பிராணி என்றது அது. கோழிக்கு அது பதினோராம் நாள். முன்பே செய்த சோதனையின் துன்பம் அந்நாளுக்குப் பின் தொடரும் என்றால், அதற்கும் அனுமதி வேண்டும். ஐயமுள்ள இடத்தில் உயிரின் பக்கம் சாய்ந்த கோடு அது என்பது என் எண்ணம்.

2013 முதல் அக்கோடு மூன்றில் இரு பங்குக்கு, அதாவது பதினான்காம் நாளின் முடிவுக்கு நகர்ந்தது. ஐரோப்பியப் பொது விதியோடு இணங்குவதற்காகச் செய்த திருத்தம் அது. வேடிக்கை என்னவெனில், 2010-இல் இயற்றப்பட்ட அவ்விதி பாலூட்டிகளின் கருவையே கூறுகிறது, பறவைக்கருவைக் கூறவில்லை. 2023-இல் ஜெர்மனியின் மியூனிக் ஆராய்ச்சியாளர்கள், கோழிக்கருவின் மூளையில் மின்னியக்கம் பதின்மூன்றாம் நாளில் முதன்முதலாகத் தென்பட்டதாக அறிவித்தனர். பழைய கோட்டுக்குப் பின்பு, புதிய கோட்டுக்கு முன்பு!

அமெரிக்காவில் மத்திய சுகாதாரத் துறையின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கு 1991-இல் தரப்பட்ட விளக்கமோ, ஓட்டை உடைத்து வெளிவந்த பின்பே பறவையைக் கணக்கிற் கொள்கிறது. இருபதாம் நாளிற் குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சிடும். அக்குரல் வெளியே கேட்கும். அதனாற்போலும், அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் முதிர்ந்த கருக்களை எவ்வாறு கையாளவேண்டும் எனத் தமக்கெனத் தனி விதிகள் வகுத்துக்கொண்டுள்ளன.