சஃபாரி

தான்சானியாவில் மூட்டை முடிச்சோடு ஊர் பஸ் ஏறும் பாட்டியும் சஃபாரிதான் போகிறார். சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள், சிங்கம் கட்டாயமில்லை. பயணியை ‘ம்சஃபிரி’ என்பார்கள். வழியனுப்பும்போது ‘சஃபாரி ன்ஜேமா’: நல்லபடியா போயிட்டு வாங்க.

வேர் அரபியில் உள்ள ‘சஃபர்’. கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையேறிய சொல் நம் கரையையும் விடவில்லை. நாகூர்ப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில், பிழைக்கக் கடல் கடந்தவர் ‘சபராளி’.

வேட்டை வாடை ஆங்கிலேயர் கையில் ஏறியது. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் துப்பாக்கிகளோடு கென்யாவில் இறங்கிய பயணம் அதை உலகறியச் செய்தது. பிறகு துப்பாக்கி போய் கேமரா வந்தது. (நம்மூரில் மிஞ்சியது நாலு பை வைத்த சஃபாரி சூட்!)

தான்சானியாவின் செரெங்கெட்டி வனப்பூங்காவுக்குத் திட்டமிடுகிறவர்கள் பழைய பொருளையே பிடித்துக்கொள்ளலாம். அங்கே உண்மையான பயணி வில்டபீஸ்ட் மான் மந்தைதான். பிப்ரவரி வாக்கில் தெற்குப் புல்வெளியில் கன்று ஈனும்; ஜூலைக்குப் பிறகு வடக்கே, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் இறங்கும். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், விடுதியை அப்புறம் பார்க்கலாம்.