சக்குபந்தியில் ஒரு தெரு: தாம்பரம் வட்டாரத்துத் தனியார் பாதைகளின் வரலாறு

அரசாங்கம் என்ற ஸ்தாபனமே இல்லாத சமுதாயத்தில் சாலைகளை யார் போடுவார்கள், போட்டவற்றை யார் காப்பார்கள் என்ற வினாவை 1973-இல் வெளிவந்த தம் நூலொன்றில் எடுத்துக்கொண்ட அமெரிக்கப் பொருளியலாளர் முர்ரே ராத்பார்ட், தெருவின் இருமருங்கிலும் உள்ள வீட்டுக்காரரும் கடைக்காரரும் கூடி அத்தெருவைத் தம் உடைமையாக்கிக் கொள்ளலாம் என்றும், தம் சொத்தின் மதிப்புக் குறையலாகாதென்ற எண்ணமே அவர்களை அதைச் செம்மையாக வைத்திருக்கத் தூண்டும் என்றும் விடை கூறினார். அவருக்கு இது அனுமானம். சென்னையின் தென்புறத்தே தாம்பரத்தைச் சுற்றிச் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் எனப் பரந்து கிடக்கும் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கோ இது ஒருவகையில் அனுபவம். அரசில்லாத நாடாக இவ்வட்டாரம் என்றும் இருந்ததில்லை என்பது மெய். ஆயினும் அரசின் கை எட்டாத பாதைகள் இங்கே எக்காலத்தும் இருந்துவந்தன.

தொண்டைமண்டலத்து ஊர்ச்சபைகளின் காலத்திலிருந்து தொடங்குவோம். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை, ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் அமைத்த சபையை நமக்குக் காட்டுகின்றன. சோழர் காலத்து நிலக்கொடைகளில் ஒரு வயலின் இடத்தைக் குறிக்க, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்றெழுதுவது வழக்கம். வதி என்றால் வழி. எந்தத் தனி மனிதனுக்கும் உரியதன்று அது. எல்லாருடைய நிலத்துக்கும் அதுவே எல்லை. உடைமையாக அன்றி எல்லைச் சொல்லாகப் பாதை பத்திரத்துக்குள் நுழைந்த இந்த வழக்கம், பின்னர் நாம் காணப்போகும் சிக்கலோடு நெருங்கிய உறவுடையது.

அடுத்துக் கம்பெனிக் காலத்துக்கு வருவோம். சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கும் அதற்கப்பால் தாம்பரத்துக்கும் போகிறவர் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். அந்த ஆற்றின்மேல் 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனியன்று, கோஜா பெத்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பாலத்துக்கு அவர் தம் கைப்பொருளில் 30,000 வராகன் செலவிட்டார். பரங்கிமலை ஏறும் 160 படிகளையும் செப்பனிட்டார். ஆராய்ச்சியாளர் பலர் அப்பெருந்தொகையைச் சொல்லிப் போவது வழக்கமாயினும், பாலத்தின் பராமரிப்புக்கென அவர் ஒதுக்கிய 1,500 வராகனே என் கவனத்தை ஈர்க்கிறது. செலவில் இருபதில் ஒரு பங்குதான் அது. எனினும், தாம் மறைந்த பின் கல் பெயர்ந்தால் யார் வைப்பார் என்ற கேள்வியைக் கட்டும்போதே கேட்டுக்கொண்ட ஒரு மனிதரின் தீர்க்கதரிசனம் அதில் இருக்கிறது. அவர் பாலம் நின்ற இடத்தில் இன்றுள்ள மறைமலையடிகள் பாலம் 1966-இல் திறக்கப்பட்டது.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் சுங்கம் வாங்கும் சாலைக் குழுக்கள் பெருகி, பின்னர் ஆயிரத்துக்கும் மேலாயின. ரயில் வந்ததும் வருவாய் இழந்து மறைந்தன. நம் மாகாணத்துச் சாலைச் சுங்கங்களோ 1931-ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டத்தால் ஒழிந்தன. அதே ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்ததும், இவ்வட்டாரத்து வயல்களின் தலைவிதியை மாற்றின.

ரயிலடியைச் சுற்றி வயல்கள் காலப்போக்கில் கிரவுண்டுகளாயின. நிலத்தை மொத்தமாக வாங்கியவர் நடுவே 20 அடியோ 30 அடியோ விட்டு மனை பிரித்தார். வாங்கியவரின் கிரையப் பத்திரத்துச் சக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், ‘20 அடி ரோட்டுக்கு வடக்கு’ என்று எழுதப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாயின் அந்த ரோட்டைத் தானப் பத்திரத்தின் வாயிலாக ஸ்தல ஸ்தாபனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அங்கீகாரம் பெறாதவற்றில் மனைகள் விற்றுத் தீர்ந்தன, விற்றவர் போய்விட்டார், எவரும் விலைகொடுத்து வாங்காத அந்த 20 அடி மட்டும் பட்டாவில் அவர் பெயரிலேயே தங்கிற்று. மனைக்காரருக்கு எஞ்சியது வழிநடைப் பாத்தியதை ஒன்றே. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின்படி, வழி விட்ட நிலத்துக்காரர் அவ்வழியைச் செப்பனிடக் கடமைப்பட்டவரல்லர். செலவு, அதன் பயனை அனுபவிப்போரைச் சார்ந்தது. ஆகவே உடையவருக்குக் கடமையில்லை, கடமையுள்ளவர்களுக்கு உடைமையில்லை என்ற விசித்திர நிலையில் நூற்றுக்கணக்கான தெருக்கள் பிறந்தன.

ராத்பார்ட் எதிர்பார்த்த ஒத்துழைப்பு இங்கே எழாமலில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீட்டுக்கு வீடு சந்தா திரட்டி, கப்பியும் செம்மண்ணும் கொட்டி, விளக்குப் போட்டுக்கொண்டன. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் பிரதான சாலையைப் பார்த்த மூலை வீட்டுக்காரருக்கு உள்தெருவைப் பற்றிக் கவலையில்லை. காலி மனைக்காரர் எங்கோ வெளியூரில் இருக்கிறார். இவற்றிலும் கடினமானது மழைநீர். தன் வீட்டு வாசலை ஒருவர் கட்டட இடிபாடு கொட்டி உயர்த்தினால், அவர் சொத்தின் மதிப்பு உயருகிறது, தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. தெருவின் அகலத்தைப் பங்கிடலாம், அதன் சரிவைப் பங்கிட முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர் நீரில் மூழ்கியதற்கு அடையாற்று வெள்ளமே முதற்காரணம் எனினும், சாதாரண ஐப்பசி மழையிலும் தெருவில் தேங்கும் நீரின் கதை இதுவே. சுயநலம் தன் வாசலோடு நின்றுவிடுகிறது. அந்தப் பொருளியலாளரின் கொள்கையில் நான் காணும் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையின் சுங்கச்சாவடிகளைத் தனியார் சாலைக்கு உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது, அங்கே கட்டணம் வாங்கும் அதிகாரமே அரசு தந்தது. 2021 ஆகஸ்டில் அரசு நினைத்தபோது நான்கு சாவடிகளில் வசூல் நின்றது.

அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது; 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதம் வந்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உதயமாயிற்று. தம் சந்தாப் பணத்தில் தெருவைக் காத்த சங்கத்தாரே அதை மாநகராட்சியிடம் ஒப்படைக்க விரும்பும்போது, தானப் பத்திரத்தில் யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி எழுகிறது. பட்டாவில் பெயருள்ளவர் காலமாகியிருப்பார். அவருடைய வாரிசுகளைத் தேடிச் செல்ல வேண்டும். அவர்களுள் ஒருவரேனும், தெருவாக நாற்பது வருஷம் நடந்த இடத்தை இன்னும் விற்காத மனையாகவே கருதுவார்.