பத்திர எழுத்து – திண்டுக்கல் வட்டாரம்

நிலம், வீடு, மனை கைமாறும்போது ஆவணம் எழுதுவதும், அதையொட்டி முத்திரை, வரி, வில்லங்கம் பற்றி யோசனை சொல்வதுமான தொழில். வழக்கறிஞர் ஆலோசனையும் கட்டடத் தொழிலுக்கான கணக்கு ஆலோசனையும் இவ்வூரில் இதன் பக்கத்தில் வளர்ந்தவை. கம்பெனி ஆட்சிக்கு முந்திய காலத்துக்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலையுமே சான்று.

திண்டுக்கல் கோட்டையை 1790-இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பிடித்தார். 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சீமை முறையாகக் கம்பெனியிடம் வந்தது. ஆங்கில நிர்வாகத்தின் தொடக்கத்தை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது என்பதில் நூலாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. முதல் கலெக்டர் அலெக்சாண்டர் மெக்லியாட்.

நெல்சன் (1868), பிரான்சிஸ் (1906) ஆகியோரின் மதுரை நூல்களால் கலெக்டர் ஹர்டிஸின் காலம் விரிவாகத் தெரியவருகிறது. இவர் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார். பின்னர் நிலையான தீர்வை முறையில் நிலங்கள் ஜமீன்களாகப் பிரித்து விற்கப்பட்டன. எடுத்தவர் பலர் தவணை கட்ட முடியாமல் தவிக்க, சில ஆண்டுகளிலேயே முறை குலைந்தது. தீர்வை மிகுதியே காரணம் என்பர் சிலர்; மழை பொய்த்ததே என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கலாம். அளவை தந்த பலன் வேறு: நிலத்தின் பரப்பும் எல்லையும் ஊர்க் கணக்கில் ஏறின. அந்தக் கணக்கை வைத்திருந்தவர் கர்ணம். நிலம் வாங்குபவரும் கடன் கொடுப்பவரும் முதலில் கேட்டது அவரைத்தான். பல ஊர்களில் ஆவணம் எழுதியதும் அவரே.

1802-இன் 17-ஆம் ஒழுங்குமுறை ஆவணப் பதிவேட்டுக்கு வழி செய்தது. 1864 முதல் வந்த பதிவுச் சட்டங்கள் 1908-இன் சட்டத்தில் நிலைபெற்றன; இன்றும் நடப்பில் இருப்பது அதுவே. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்துக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும் என்றது 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம்.

சமவெளிக் கிரயப் பத்திரத்தின் உயிர் சொத்து விவரத்தில் இருக்கிறது. மழையை நம்ப முடியாத இம்மண்ணில் கிணறே சொத்தின் பாதி. ஆகவே நான்கெல்லையும் ஏக்கர், செண்டும் எழுதியதோடு எழுத்தர் பேனாவை வைப்பதில்லை. ‘கிணற்றில் பொதுவில் 4-இல் 1 பங்கு, எலக்ட்ரிக் மோட்டார் பம்புசெட்டு, சர்வீஸ், வாய்க்கால், முறைத்தண்ணீர் பாத்தியம், மாமூல் வண்டிப்பாதை’ என்று நீளும். கமலை போய் மோட்டார் வந்ததும் பங்காளிகள் முறை வைத்து இறைத்ததும் இந்தச் சில வரிகளில் பதிவாகியுள்ளன. இவ்வரிகளில் ஒன்றை விட்டதால் நீதிமன்றம் ஏறிய பாதை வழக்குகள் உண்டு. தாய்ப்பத்திரத்தைப் படித்து அந்த வரியைத் தவறாமல் எடுத்தெழுதுவதே நல்ல எழுத்தருக்கு அடையாளம்.

1980 நவம்பரில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டதோடு கர்ணமும் போனார். 1982-இல் ஆவண எழுத்தர் உரிம விதிகள் வந்தன. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானது. இம்மூன்றில் எது தொழிலை மிகுதியாக மாற்றியது என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

2011-இல் பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் கூறியது. 2016-இல் அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தபின் ‘20.10.2016-க்கு முன் விற்ற மனையா?’ என்பது அன்றாடக் கேள்வியானது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட அலகுகளாகவோ கட்டி விற்போர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டியதாயிற்று. கட்டுநர்கள் ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் நாடுவது இதன்பின் கூடியது. 2018-இல் பதிவுத்துறையின் இணையவழிப் பதிவு மென்பொருளான ஸ்டார் 2.0 வந்தது; 2023-இல் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகி, வழிகாட்டி மதிப்பு ஏறியது.