பாய்மரக் கலங்களின் மாற்று உறுப்புகள்

பொதட்டூர்பேட்டையைப் போன்ற உள்நாட்டு நெசவூரில் இருந்துகொண்டு கடலோடிய கலங்களின் உறுப்புகளைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றதென்று எவரேனும் கருதுவாராயின், அக்கலங்களை நகர்த்திய பாய் தறியிலிருந்து இறங்கிய துணியே என்பதையும், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து புறப்படும் கொசஸ்தலை ஆறு இதே திருவள்ளூர்ச் சீமையைக் கடந்து எண்ணூரில் கடலோடு கலக்கிறது என்பதையும் அவருக்கு நினைவூட்டுவது போதும். அந்த முகத்துவாரத்திலிருந்து வடக்கே பழவேற்காடு வரையில் பாய் விரித்த படகுகள் நடமாடிய காலம் வெகு தூரத்தில் இல்லை. ஆனால் இன்று ஒரு பழைய கலத்தைச் செப்பனிட்டு மீண்டும் பாயேற்ற ஒருவர் விரும்பினால், அதற்குரிய கப்பியும், பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலும், சுக்கான் கீலும் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை காண்பது அரிது. முற்காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை ஆராய்வது பயனுடையது.

எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகே என்றும் மியோஸ் ஹோர்மோஸ் என்றும் இரண்டு பழந்துறைகள் இருந்தன. ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் காலத்தில் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்குமாக நம் கரைகளை நோக்கிக் கலங்கள் புறப்பட்ட இடங்கள் அவை. அங்கே மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்களுக்குத் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்த செய்தி நம்மவர் பலரும் அறிந்தது. கணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்களைக்கூட அவற்றில் வாசித்திருக்கிறார்கள். அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு கண்டுபிடிப்பு எனக்கு அதைவிட விசேஷமாகத் தோன்றுகிறது. அதே இடிபாடுகளில் பாயைச் சுருக்கி விரிக்கும் கயிறுகள் ஓடுவதற்கான வளையங்களும், கிழிந்துபோன பாய்த்துணித் துண்டுகளும் அகப்பட்டன. அத்துணியின் நூலையும் நெசவையும் பரிசோதித்த நிபுணர்கள் அது இந்தியப் பருத்தியில் நெய்யப்பட்டதென்று நிர்ணயித்தார்கள். கலங்களை உடைத்தெடுத்த தேக்குப் பலகைகளோ அங்குள்ள கட்டடங்களில் மீண்டும் பயன்பட்டிருக்கின்றன. நீண்ட யாத்திரையில் பாய் கிழிந்தும் வளையம் உடைந்தும் நம் துறைகளை அடைந்த கலங்கள், பருவக்காற்று திரும்பும் வரையில் காத்திருந்த மாதங்களில், இங்குள்ள தறித்துணியாலும் மரத்தாலும் தம் குறைகளை நிரப்பிக்கொண்டு போயின என்று கொள்வதே பொருத்தமாகும். எந்தக் கரை ஏறினாலும் அந்தக் கரையின் பொருளால் சீர்செய்து கொள்ளத்தக்கதாய் இருந்ததே பழங்கலத்தின் பெருஞ்சிறப்பு.

இந்தச் சிறப்பு மிகத் தெளிவாக விளங்கிய கலம், சென்னைக் கரையில் ஓடிய மசூலாப் படகு என்பது என் அபிப்பிராயம். சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தில், தூரத்தே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மனிதர்களையும் சரக்குகளையும் முரட்டு அலைகளின் மீது கரை சேர்த்தவை இப்படகுகளே. 1875-இல் துறைமுக வேலை தொடங்கிய பின்னும் சில காலம் இவற்றின் உதவி தேவைப்பட்டது. இவற்றின் பலகைகளை இணைக்க இரும்பாணி இல்லை. துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் மீது நார் வைத்து இறுக்கியிருந்தார்கள். ஆணியடித்த படகு அலை மோதி விரிந்து பிளக்கும் இடத்தில், தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைத்தது. ஒரு பலகை பழுதுபட்டால் தையலை அறுத்து அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்துத் தைத்துவிடலாம்.

தூத்துக்குடித் தோணியின் கதை வேறு. கொழும்புக்கும் லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற இந்தப் பெருங்கலத்தில் ஆணியும் இரும்புப் பட்டையும் ஏராளம். ஏரா என்னும் அடிமரத்தை நிலத்தில் கிடத்தி, அதன் மீது வங்குகள் என்னும் விலாச்சட்டங்களை நிறுத்தி, பலகைகளைச் சுற்றிக் கடாவி, இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துச் செய்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசும் ஓடாவிமார் என்னும் கலத்தச்சர்கள் படம் வரைந்து வேலை செய்தவர்களல்லர். தகப்பனும் பாட்டனும் சொல்லிய கணக்கை மனத்தில் தாங்கி, கோல் பிடித்தும் கண்ணால் நோக்கியும் வேலை செய்தவர்கள். அவர்கள் பக்கத்திலேயே கொல்லன் உலை எரிந்தது. ஒரு சுக்கான் கீல் தேய்ந்துவிட்டால் கலத்தலைவராகிய தண்டல் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார். கொல்லன் அதை வைத்துக்கொண்டே மற்றொன்றை அடித்துக் கொடுப்பான். கப்பிக்கு உருளை உடைந்தால் கடைசல்காரரும், பாயை இழுத்துக் கட்டும் தாமான் கயிறு நைந்தால் கயிறு திரிப்பவரும், பாய் கிழிந்தால் பாய் தைப்பவரும் துறையிலேயே இருந்தார்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் ஓய்ந்து கிடந்தபோது இவர்கள் அனைவருக்கும் வேலை நிறைந்தது. மாற்று உறுப்பு ஒரு பண்டகசாலையில் அடுக்கி வைக்கப்படாமல், தேவை நேர்ந்தபோது மனிதர்களின் கைகளிலிருந்து பிறந்தது. இந்தத் துறைமுகத்தின் வாழ்வை ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை' நாவலில் வாசித்தவர்களுக்கு அந்தச் சமூகத்தின் விரிவு ஓரளவு புலப்பட்டிருக்கும்.

எண்ணூர்ப் பக்கத்தில் 1806-இல் தொடங்கி, பிறகு நீண்டு, 1878-இல் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்ற கால்வாயில் ஓடிய படகுகளும் இத்தகைய கரைத்தொழிலையே நம்பியிருந்தன. காற்று வாய்த்தபோது பாயும், வாய்க்காதபோது கரையில் நடந்து இழுக்கும் கயிறுமாக அவை விறகையும் தானியத்தையும் சென்னைக்குக் கொண்டு சேர்த்தன.

நம்மவர் கலங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கலாம் என்பதற்கு நியூஸிலாந்தில் கிடைத்த வெண்கல மணி ஒன்று குறிப்பாக நிற்கிறது. வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதில் கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். முகையதீன் வக்குசு என்பவரின் கப்பலுக்குரிய மணி என்று அதன் விளிம்பில் தமிழெழுத்து கூறுகிறது. அதைத் தாங்கிய கலத்தின் பாய்மரமோ பருமலோ ஒன்றும் மிஞ்சவில்லை. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ராபின்ஸன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, அது 1938-இல் அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதைச் செலுத்தியவர்களும் வல்வெட்டித்துறையாரே.

பிறகு இயந்திரம் வந்தது. 1980-களை ஒட்டித் தோணிகளில் எஞ்சின்கள் பொருத்தப்பட, பாய் துணைச் சாதனமாகச் சுருங்கியது. பழவேற்காட்டிலும் மற்றக் கரைகளிலும் கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகு பிடித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த சுனாமிக்குப் பின் உதவியாக வழங்கப்பட்ட படகுகள் பெரும்பாலும் அவையே. கஷ்டப்பட்டுத் துடுப்புப் போட்ட மீனவரின் உடல் நோவு குறைந்ததை யாரும் குறை கூறமாட்டார்கள், நானும் கூறேன். ஆனால் பாய்க்கலம் போனபோது கப்பி கடைந்தவரும் பாய் தைத்தவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்பதை நினைக்க மனம் வருந்துகிறது. எங்கள் பக்கத்தில் விசைத்தறி பெருகிய பிறகு குழித்தறிக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்றால், அதைச் செய்யத் தெரிந்த தச்சரை ஊர் ஊராகத் தேட வேண்டியிருப்பதும் இதே நிலைமைதான்.

மரம் இன்றும் கிடைக்கும். இரும்பை எந்தப் பட்டறையிலும் அடித்துக்கொள்ளலாம். குறுகிய அகலத்துப் பருத்தித்துணியைத் துண்டு துண்டாக இணைத்தே பாய் தைத்தார்கள் ஆகையால், அத்துணியை நெய்துதர எங்கள் ஊர்த் தெரு ஒன்றே போதும். கிடைக்காதது கணக்கு. பருமல் பாய்மரத்தில் எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும், கப்பியின் பள்ளம் எந்தக் கயிற்றுக்கு எவ்வளவு ஆழம், பாயின் வயிறு எவ்வளவு தளர வேண்டும் என்பவை எழுதப்படாமலே கைமாறி வந்தவை. 1950-இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வாயிலாக 'கப்பல் சாத்திரம்' அச்சேறியதால், கலங்கட்டும் அளவுகளும் மரத்தின் குணதோஷங்களும் சுப முகூர்த்தங்களும் ஓரளவு நமக்கு எட்டின. பாய்க்காலத்துத் தோணிகளைக் கட்டிய ஓடாவிமாரின் அளவுகளுக்கு அத்தகைய நூல் வேண்டும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் இன்னும் மரத்தோணிகள் கரையோடு கட்டப்பட்டு நிற்கின்றன. பாய்விரித்து ஓடிய நாட்களில் அவற்றில் வேலை செய்த முதியவர்கள் இருக்கும்போதே, கோலும் குறிப்பேடுமாக அவர்களிடம் சென்று, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, அவர்கள் வழங்கும் பெயரோடு எழுதி வைக்கும் வேலையைப் பல்கலைக்கழகமோ அரும்பொருட்சாலையோ உடனே மேற்கொள்ள வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.